ஊழியமும் தொண்டும்: திருப்பத்தூர் அண்ணன்மார் வரலாறு

ஒரே சொல் இருவேறு மக்களின் காதில் இருவேறு பொருளாக ஒலிப்பதுண்டு. 'ஊழியம்' என்னுஞ் சொல் அத்தகையது. கிறித்தவத் திருச்சபையில் ஊழியம் என்றால் இறைப்பணி. ஊழியர் என்றால் மதிப்பிற்குரியவர். அதே சொல் திருவிதாங்கூர்ச் சீமையில், அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. அந்த வேலையைத் தலைமேற் சுமந்தவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் காலத்தில், கிறித்தவரானோர்க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வூழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. (இவர் நம் தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோ அல்லர், மாணவர் பலர் இருவரையும் ஒருவராகவே எண்ணி விடைத்தாளில் எழுதுகின்றனர்.) ஆக, ஊழியத்திலிருந்து விடுபடுவதற்காகக் கோயிலுக்குள் நுழைந்த ஏழை, அங்கே சென்றதும் கேட்ட முதல் உபதேசம், 'ஊழியம் செய்' என்பதாயிற்று!

இந்த வேடிக்கையில் ஒரு பெரிய வினா அடங்கியுள்ளது. தாழ்மையும் பணிவிடையும் கிறித்தவ நெறியின் உயிர்நிலை என்பர். நம் சமுதாயத்தாருக்கோ தாழ்மையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தலையில் கட்டிய துண்டு இடுப்புக்கு இறங்கிய காலம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்த காலம் ஆகியவற்றை நம் பாட்டன்மார் கண்டனர். வெட்டிவேலையும் பண்ணையடிமையும் அவர்களின் பிறப்புரிமையாக்கப்பட்டிருந்தன. அடிமை நிலைக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லை என்று 1843-இலேயே ஆங்கில ஆட்சி சட்டம் செய்தது. ஆயினும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே இடைப்பட்ட 133 ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதை அறியலாம். இப்படிப்பட்ட மக்களிடம் வந்து, 'தாழ்மையாயிருங்கள்' என்று போதிப்பது அறமா, அநியாயமா? நம் இளைஞர்கள் இவ்வினாவை எழுப்புகின்றனர். எழுப்பவும் வேண்டும். வரலாற்றைக்கொண்டு அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூலத்தை நோக்குவோம். யோவான் எழுதிய நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி வருகிறது. யூத நாட்டில் விருந்தினரின் கால்களைக் கழுவுதல் வீட்டு அடிமையின் வேலை. குரு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்து, அவ்வேலையைச் செய்கிறார். பேதுரு மறுக்கிறார். அவருக்கு அது தாங்கமுடியாத காட்சியாக இருந்தது. நம் நாட்டிலும் கால் கழுவும் சடங்கு உண்டு, பாதபூசை என்பர். ஆனால் அங்கே கழுவுபவர் சீடர். கழுவப்படுவது குருவின் பாதம். யோவான் காட்டும் காட்சியில் திசை தலைகீழாக மாறிவிட்டது.

திசைதான் இங்கே முக்கியம். குரு எனவும் ஆண்டவர் எனவும் அழைக்கப்பட்டவர், அத்தகுதியை மறுக்காமலே, தாமாக இறங்கினார். இறங்காமலிருக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. வேண்டாமென்று சொல்லும் உரிமை உடையவன் செய்வது தொண்டு. அவ்வுரிமை பறிக்கப்பட்டவன் செய்வது அடிமைவேலை. இரண்டிற்கும் கை ஒன்றே, துண்டு ஒன்றே, அழுக்கும் ஒன்றே. எனினும் அவை ஒன்றல்ல. மேலே இருப்பவனை நோக்கிச் சொல்லப்பட்ட உபதேசத்தைக் கீழே கிடப்பவனுக்குத் திருப்பிவிட்டதே பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்த பிழை. 2012 நவம்பர் 7-ஆம் நாள் நம் மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாயை அடுத்த நத்தம் முதலிய குடியிருப்புகள் எரிக்கப்பட்ட பின்னரும், 'நீங்கள் கொஞ்சம் அடங்கிப் போயிருக்கலாம்' என்று நம்மவரிடம் பரிவோடு அறிவுரை கூறியவர்கள் உண்டு. வீட்டை இழந்தவனிடம்தான் பணிவு கேட்கப்பட்டதேயன்றி, தீ வைத்தவனிடம் அன்று.

திருச்சபைக்குள்ளேயே இப்பிழை எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு இராசநாயக்கனின் வரலாறு சான்று. இவர் பறையர் குலத்தில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்து அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து மனம் மாறி, 1728-இல் லுத்தரன் சபையின் உபதேசியார் ஆனார். ஐரோப்பியப் பாதிரிமார் தஞ்சை நாட்டிற்குள் எளிதில் நுழையமுடியாத அக்காலத்தில், சபையை அங்கே தாங்கி நின்றவர் இவரே. 1733-இல் ஆரோன் என்பவர் தமிழர்களுள் முதல் புராட்டஸ்டண்டு குருவாக அபிடேகம் பெற்றார். அவர் வேளாளர். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்க வேண்டிய வேளை வந்தபோது இராசநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் பறையர் ஒருவரின் கையிலிருந்து மேற்சாதிக் கிறித்தவர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பது காரணமாக, 1741-இல் தியோகு என்பவர் குருவாக்கப்பட்டார். இராசநாயக்கன் 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார். அவர் பணியைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 'எத்துணைத் தாழ்மை!' என்று அவரைப் புகழ்வது எளிது. தாழ்மை காட்டியிருக்க வேண்டியவர்கள், கையேந்தி அப்பம் வாங்க மறுத்தவர்களே அல்லரோ?

கிண்ணத்தின் கதையும் இதுவே. நற்கருணைக் கிண்ணம் ஒன்று. அதிலிருந்து எல்லோரும் பருக வேண்டும். முதலில் மேற்சாதியார் பருகிச் சென்றபின் நம்மவர் பருகுவதென்றும், சிலவிடங்களில் கிண்ணமே இரண்டென்றும் வழக்கம் ஏற்பட்டது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்த தருமபுரி மாவட்டத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாகக் கைவிடவேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கலகம் மூண்டது. பலர் சபையைவிட்டே வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், இன்றும் நாம் போற்றும் பெரும்புலவர், சாதி வழக்கத்தை ஆதரித்தே எழுதினார் என்பது வருந்தத்தக்க உண்மை. 1840-களில் மதுரை அமெரிக்க மிஷனார், தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை எல்லோரும் உடனமர்ந்து உண்ணும் 'அன்பின் விருந்து' ஒன்றை ஏற்படுத்தி, அதில் உண்ண மறுத்த உபதேசியார்களை வேலையிலிருந்து நிறுத்தினர்.

மிஷனாரின் செயல் பாராட்டத்தக்கதே. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. துரைமார்களின் பங்களாக்களில் சமையல் செய்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. ஆதலின் அவ்விருந்தில் துரைக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவருக்கென வேறொரு சாதி இருந்தது: பங்களா, பல்லக்கு, தனிச் சம்பளம், தனி மேசை. இந்தியன் எத்துணைக் கற்றிருப்பினும் அம்மேசையில் சமமாக அமர இயலாது. 1910-இல் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மேலைநாட்டார் எங்களுக்காக உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் நட்பைத் தரவில்லை என்னும் கருத்துப்படப் பேசியது அவ்வவையைக் கலங்கவைத்தது. அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அவர் மேய்த்த மந்தையுள் மிகப் பெரும்பாலோர் ஆந்திர நாட்டு மாலர், மாதிகர் என்பது நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

எடின்பரோவில் கேட்கப்பட்ட வினாவிற்கு விடை எங்கே பிறந்தது? நம் வாசலிலேயே பிறந்தது. தருமபுரியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் பேருந்தில் சென்றடையக்கூடிய திருப்பத்தூரில் பிறந்தது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயர் வசமானபோது தருமபுரியும் திருப்பத்தூரும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தன. 1911 வரை திருப்பத்தூர் வட்டம் நம் பழைய சேலம் மாவட்டத்தையே சார்ந்திருந்தது. பின்னர் வட ஆர்க்காட்டிற்குச் சென்று, 2019-இல் தனி மாவட்டமே ஆகிவிட்டது. ஆகவே இதை அயலூர்க் கதையாக எண்ண வேண்டா.

மருத்துவர் சவரிராயன் இயேசுதாசன் (1882–1969) தமிழர். மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் (1891–1970) ஸ்காத்லாந்தின் செல்வமிக்க கம்பளிநூல் ஆலைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். பிரித்தானியாவில் இருவரும் நண்பராயினர். இந்தியாவிற்கு வந்து மிஷன் அமைப்பின்கீழ்ச் சிறிது காலம் பணிபுரிந்து, வெள்ளையனுக்கொரு நிலை, இந்தியனுக்கொரு நிலை என்றிருந்த ஏற்பாட்டிற்குள் தங்கள் நட்பு வாழமுடியாதென்று கண்டனர். 1921-இல் திருப்பத்தூரில் 'கிறிஸ்துகுல ஆசிரமம்' என்னும் பெயரால் புதுவாழ்வொன்றைத் தொடங்கினர். புராட்டஸ்டண்டுக் கிறித்தவர் இந்நாட்டில் நிறுவிய ஆசிரமங்களுள் இது முன்னோடி.

இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம் பெறவில்லை. கதர் உடுத்தினர், சைவ உணவு உண்டனர், தரையில் அமர்ந்தே உண்டனர். சுற்றுப்புறக் கிராமங்களின் ஏழைகளுக்கு மருத்துவம் செய்வதே அவர்களது அன்றாட வழிபாடாயிற்று. பேட்டன் தம் குடும்பச் செல்வத்தை இப்பணிக்கே ஈந்தார். எல்லாவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. ஆசிரமத்தில் 'துரை' இல்லை. 'ஐயா' கூட இல்லை. இயேசுதாசன் பெரியண்ணன்; பேட்டன் சின்னண்ணன். ஆங்கில ஆட்சி அசைக்கமுடியாதிருந்த அந்நாளில், ஓர் ஆங்கிலேய இனத்தான் தமிழன் ஒருவனுக்குத் 'தம்பி'யாக இருக்க இசைந்தான் என்பதை இன்றைய பிள்ளைகள் எளிதாகக் கடந்துவிடக்கூடும். தோட்டத்து வேலைக்கு வந்த வெள்ளைத்தோல் கங்காணிக்குக்கூட நம் ஊர்ப் பெரிய மிராசுதார்கள் எழுந்து நின்ற காலம் அது.

தம்பியாக இருப்பதற்கு விலையும் உண்டு. 1932-இல், சட்டமறுப்பு இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த நாட்களில், சென்னைத் தெருவொன்றில் கதராடையுடன் நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தனர். சாயநீரைப் பீய்ச்சி அவர் உடையை நனைத்தனர். செய்தி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்றது. அன்று சென்னையில் அடிபட்ட இந்தியர் எத்தனையோ பேர். அவர்கள் எவருக்காகவும் இலண்டனில் கேள்வி எழவில்லை. வெள்ளையர் ஒருவர் அடிபட்டதும் எழுந்தது. அவர் கழற்றி வைக்க முயன்ற மேலாடை அவர் உடலோடேயே ஒட்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? எனினும் கதரைக் கழற்றிவிட்டுக் கோட்டு அணிந்துகொண்டு அவர் தப்பித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை.

ஆசிரமத்துக் கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை கூறியாக வேண்டும். மேலைநாட்டுக் கோபுரமுனையும் மணிக்கூண்டும் இன்றி, தமிழகத் திருக்கோயில்களின் முறையில் மண்டபமும் கோபுரமுமாக அதனை எழுப்பினர். கலையழகில் குறைவில்லை, தமிழ் மண்ணின் வழிபாடு என்று அதைப் போற்றுவோர் பலர். இவ்விடத்தில் எனக்குச் சிறிது மனவேறுபாடு உண்டு. கோபுரம், ஆசிரமம், பிரமசரியம், சைவ உணவு ஆகிய இவையெல்லாம் இந்திய மரபு எனப்படுகின்றன. எவருடைய இந்தியா? 1930-களில் அக்கோபுர வடிவத்தை நம்மவர் அறிந்திருந்தது தெருக்கோடியில் நின்று கும்பிட்ட கோணத்திலேயே. தமிழ்நாட்டுக் கோயில்களின் கதவு நமக்குச் சட்டப்படி திறந்தது 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் ஆலயப் பிரவேசத்தை ஒட்டித்தான். நம் வீட்டு அடுப்பில் வெந்ததும், நம் சாவிலும் திருவிழாவிலும் முழங்கியதும் இந்திய மரபில்லையா? வெள்ளையனுக்கும் இந்தியனுக்கும் இடைப்பட்ட சுவரைத் தகர்த்த அப்பெருமக்கள், ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட சுவரின் உயரத்தை முழுமையாக அளந்தார்கள் என்று கூற என் மனம் ஒப்பவில்லை. நோயாளி எத்தெருவினர் என்று பாராமல் தொட்டு மருத்துவம் செய்தார்கள்; அது சிறு செயலன்று. ஆனால் தொண்டு செய்பவர் எவ்வளவு இறங்கினாலும், இறங்குபவரின் வரலாறே எழுதப்படுகிறது. யாரிடம் இறங்கி வந்தாரோ அவர்களின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

இதற்கு ஒப்பாக இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி முதலிய பாதிரிமார் பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தனர். அம்மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர் அம்மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் பிறந்ததே, பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற ஏற்பாடு. அந்நிலங்களுள் எத்துணை இன்று பிறர் கையில் உள்ளன என்பது தனிக் கட்டுரைக்குரியது. கால் கழுவுவது ஒருவகைத் தொண்டு. காலூன்ற நிலம் கேட்டுக் கொடுப்பதும் தொண்டே. முன்னதைப் பற்றிப் பிரசங்கங்கள் மிகுதி.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அறியாதார் நம் மாவட்டத்தில் இலர். 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் தொடங்கிய சிறு பணி அது. பணிவிடை பெறுவதற்கன்று, பணிவிடை செய்வதற்கே என்னும் பொருளுடைய விவிலியக் கருத்தே அதன் குறிக்கோளுரை. அங்கே 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. பிறர் மலமூத்திரமும் சீழும் தொடும் வேலையைத் 'தீட்டு' என்று நாடு முழுதும் கருதிய காலம் அது. அவ்வேலைக்குச் சீருடையும் பாடநூலும் தேர்வும் சான்றிதழும் சம்பளமும் தரப்பட்டன. 1946-இல் அதுவே பட்டப்படிப்பும் ஆயிற்று. தீட்டு வேலை கல்வியோடு சேர்ந்தபோது மதிப்புடைய தொழிலாகிவிட்டது. நம் பெண்கள் பலர் இன்று வெள்ளுடையில் அரசு மருத்துவமனைகளிற் பணிபுரிகின்றனர். அதே கட்டடத்தின் துப்புரவுப் பணியில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்பவர்களும் நம் பெண்களே. வேலையின் அழுக்கு ஏறத்தாழ ஒன்றே. நடுவில் நிற்பது கல்வி. இக்கல்விக் கழகம் 25 ஆண்டுகளாக எதற்காகப் பாடுபட்டு வருகிறது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க எனக்குத் தெரியவில்லை.

திருச்சபையின் உச்சியிலும் இத்திசைமாற்றம் காலந்தாழ்த்தியே வந்தது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவரான பெரிய கிரகோரியார் தம்மை இறையடியார்களின் அடியார் என்று அழைத்துக்கொண்டார். ஆயினும் பெரிய வியாழன் சடங்கில் நெடுங்காலம் ஆண்களின் கால்களே கழுவப்பட்டன. 2013-இல் போப் பிரான்சிசு, உரோமையின் சிறார் சிறையொன்றிற்குச் சென்று பெண்களும் முசுலிம்களும் உள்ளிட்ட கைதிகளின் கால்களைக் கழுவினார். 2016-இல் சடங்கு விதியே மாற்றப்பட்டது. நம் பக்கத்துப் பங்குகளில் எவரெவர் கால்கள் அன்று கழுவப்படுகின்றன, அவர்கள் எத்தெருவினர் என்பதை அவ்வப் பங்கினரே அறிவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான நம்மவரைப் பட்டியல் சாதியில் சேர்க்காமல் விட்டது. அரசு அவர்களைக் கிறித்தவர் என்று கைவிட, சபை அவர்களைப் பறையர் என்று கைவிட்ட இரட்டை இழப்பை நாம் நேரிலேயே காண்கிறோம்.

இறுதியாக, நம்மவரே பேசத் தொடங்கிய கட்டத்திற்கு வருவோம். 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் மராட்டியத்தைச் சேர்ந்த தலித்து இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்தே தலித்து இறையியல் பிறந்தது என்பர். கடவுள் ஊழியக்காரர் என்பது மெய்யானால், கழுவுவதும் துடைப்பதும் சுமப்பதும் அவர் தொழிலானால், அத்தொழில்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த மக்களுக்கே அவர் உறவினர் என்று அவர் வாதிட்டார். அதாவது, கடவுள் மேலிருந்து நம்மிடம் இறங்கி வந்த விருந்தினர் அல்லர், நம் தெருக்காரர். திருப்பத்தூர் அண்ணன்மார் கேட்டிராத குரல் இது. இதிலும் ஓர் இடர் இல்லாமலில்லை: கடவுளே தோட்டி என்று சொல்லி, தோட்டியைத் தோட்டியாகவே வைத்திருக்க விரும்புவோர்க்கு இவ்வாதம் வாய்ப்பாகிவிடலாகாது. நிர்மல் அப்பொருளில் சொன்னவரல்லர்.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு அவர்களும் அண்ணன் என்றே அழைக்கப்பட்டார். பரட்டை அண்ணன் என்பது அவர் விரும்பி ஏற்ற பெயர். 2005-இல் மறைந்தார். கீர்த்தனைகளின் கருநாடக இசைக்கு மாறாக, உழைக்கும் மக்களின் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். ஒரே உலையில் எல்லோர் வீட்டு அரிசியும் வெந்து, எல்லோரும் பகிர்ந்துண்பதே நற்கருணையின் உட்பொருள் என்று கற்பித்தார். சாவுக்கு அடிப்பது, தீட்டுடையது என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பறையை ஆலயத்திற்குள் கொண்டுவந்து, பீடத்தின் முன்னே முழங்கச் செய்தார்.